கிறிஸ்துமஸ் மதியம் மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்க எந்தப் படம்?

75 வயது மாமியார், 15 வயது மகள், 6 வயது மகன், கணவர், ஊரிலிருந்து வரும் கொழுந்தனார் குடும்பம் என இத்தனை பேரும் கிறிஸ்துமஸ் அன்று மதியம் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஆண்டு ஏதோ ஒரு பட்டியலில் முதலிடத்தில் இருந்ததென்று 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் போட்டதாகவும், அரை மணி நேரத்துக்குள் மாமியார் படுக்கப் போய்விட்டதாகவும், மகள் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டதாகவும், சின்னவன் ஒரு காட்சியில் பயந்து அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சபையின் இளைஞர் கூட்டத்துக்கும் குடும்பக் கூடுகைகளுக்கும் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை நெடுங்காலமாக என்னிடம் இருப்பதால், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வீட்டோடு பார்க்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது யாருக்கு அதிகம் பிடிக்கும் என்று பார்ப்பதைவிட, யார் முதலில் எழுந்து போவார் என்று பார்ப்பதுதான் உதவும். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் எழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது. உங்கள் வீட்டில் எழுந்து போகக்கூடியவர்கள் மூன்று பேர்; மூவருக்கும் காரணம் வேறு வேறு. சின்னவன் பயத்தால் எழுவான், மாமியார் மொழி புரியாமல் எழுவார், மகள் சலிப்பால் எழுவாள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால், நூறு படப் பட்டியல் ஏழெட்டுப் படங்களாகச் சுருங்கிவிடும்.

போன ஆண்டுப் படம் ஏன் எடுபடவில்லை என்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் தெளிவாகும். ஃபிராங்க் காப்ரா இயக்கி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த அந்தப் படம் 1946 டிசம்பரில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. வெளியான காலத்தில் அதன் வசூல் ஏமாற்றமாகவே இருந்தது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் அவற்றில் ஒன்றுகூட விருதாகவில்லை. பிறகு எப்படி அது பட்டியல்களின் உச்சிக்குப் போனது என்றால், அதற்குப் பாதிக் காரணம் ஓர் அலுவலகக் கவனக்குறைவு. 1974-ல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனது. அதன் பின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் மாதம் முழுவதும் அதைச் செலவில்லாமல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அப்படிப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைதான் இன்று பட்டியல் எழுதுகிறது. அவர்களுக்கு அந்தப் படத்தோடு ஒட்டியிருக்கும் இளமைக்கால நினைவு உங்கள் மாமியாருக்குக் கிடையாது. அவர் முதன்முறையாக, புரியாத மொழியில், 130 நிமிடப் படமொன்றை, பிரியாணி சாப்பிட்ட கையோடு பார்க்கிறார்.

இத்தனைக்கும் அது மிகச் சிறந்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கட்டமைப்பு ஒரு பண்டிகை மதியத்துக்கு ஏற்றதன்று. ஜார்ஜ் பெய்லி என்பவர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பாலத்தின்மேல் நின்று உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார். அவரைக் காப்பாற்ற அனுப்பப்படும் தேவதூதருக்கு அவருடைய முழு வாழ்க்கையும் சொல்லப்படுகிறது. அந்த முன்கதையே படத்தின் பெரும்பகுதி. 'கிறிஸ்துமஸ் படம்' என்று நினைத்து உட்காருபவர் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிறிஸ்துமஸைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகன் அழுத காட்சி எதுவென்று நீங்கள் குறிப்பிடவில்லை; மருந்துக்கடைக் காட்சியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மகன் இறந்துபோன செய்தி வந்த துக்கத்தில் குடித்திருக்கும் கடைக்காரர், மருந்தில் தவறுதலாக நஞ்சைக் கலந்துவிடுகிறார். அதைக் கண்டுபிடித்து, மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வந்த சிறுவன் ஜார்ஜை, ஏற்கெனவே கேட்காத காதிலேயே மாறி மாறி அறைகிறார். நல்லது செய்த பிள்ளை அடிவாங்குவதை 6 வயதுக் குழந்தையால் தாங்க முடியாது.

பெரியவர்கள் மட்டும் உட்காரும் ஓர் இரவில் அதே படத்தை மறுபடி பாருங்கள் என்று சொல்வேன். அதில் ஒரு காட்சி நம் ஊர்க்காரர்களுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். ஜார்ஜ் நடத்தும் சிறிய வீட்டுக்கடன் சங்கத்தின் வாசலில், போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் முண்டியடிக்கிறார்கள். சீட்டு நிறுவனம் ஒன்றின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அன்றுதான் திருமணம் முடித்துப் புறப்பட்ட ஜார்ஜும் மேரியும் தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து, அன்றைய தேவைக்கு மட்டும் கேளுங்கள் என்று சொல்லிப் பங்கிடுகிறார்கள். முதல் ஆள் தன் கணக்கில் இருக்கும் 242 டாலரும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். அடுத்தவர் 20 டாலர் போதும் என்கிறார். பிறகு ஒரு மூதாட்டி, பதினேழரை டாலர் கிடைக்குமா என்று தயங்கிக் கேட்கும்போது ஜார்ஜ் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிடுகிறார். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது கையில் இரண்டே இரண்டு டாலர் மிஞ்சியிருக்கிறது. இதற்கு நிகரான ஒரு காட்சியை எந்தக் கிறிஸ்துமஸ் படத்திலும் நான் கண்டதில்லை. வண்ணம் ஏற்றிய பதிப்பும் கிடைக்கிறது; அதைத் தவிர்த்துக் கருப்பு வெள்ளையிலேயே பாருங்கள். ஒரு சிறு செய்தி: அந்தப் பனிக்காட்சிகள் கலிஃபோர்னியாவில் கோடை வெயிலில் எடுக்கப்பட்டவை. அதுவரை படங்களில் பனிக்குப் பதிலாக வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ் சோளச் சில்லுகளைத் தூவுவது வழக்கம். அவற்றின்மேல் நடந்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனமே கேட்காது. இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து சத்தமில்லாத பனியை உருவாக்கினார்கள். அந்த உத்திக்காக மட்டும் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு கௌரவம் கிடைத்தது.

இனி உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: எது பயமுறுத்தும், எதைப் பார்த்துத் தானும் செய்ய முயலும், கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய நம்பிக்கை எங்கே உடையும். மூன்றாவது கவலை எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. இங்கே வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸில் முகமூடி போட்டு ஆடிக்கொண்டு வருபவர் பாடகர் குழுவில் இருக்கும் மாமாதான் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செருப்பைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனால் கொழுந்தனார் குடும்பம் டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருவதாக இருந்தால், அந்தப் பிள்ளைகள் பள்ளியிலேயே தாத்தாவுக்குக் கடிதம் எழுதி வளர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயம். 1984-ல் வந்த 'கிரெம்லின்ஸ்' படத்தில் ஒரு பெண், தன் தந்தை கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டுப் புகைபோக்கி வழியே இறங்க முயன்று இறந்துபோன கதையைச் சொல்லி, தாத்தா என்று ஒருவர் இல்லை என்பதையும் போட்டு உடைக்கிறார். சுவரொட்டியில் அழகான பொம்மை போன்ற பிராணியைப் பார்த்துக் குழந்தைகளை அழைத்துப் போன பெற்றோர் அன்று கொதித்தார்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே எச்சரிக்கை தேவை என்ற புதிய சான்றிதழ்ப் பிரிவு அந்த ஆண்டே தொடங்கப்பட்டதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். நம் நாட்டிலும் இப்போது யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். படம் போடுமுன் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிவிட முடியாது, ஏனென்றால் குழந்தை எதற்கு அழும் என்பது தணிக்கைக் குழுவுக்குத் தெரியாது.

பார்த்துவிட்டுத் தானும் செய்து பார்க்கும் ஆபத்து என்றதும் நினைவுக்கு வருவது 'ஹோம் அலோன்'. 1990-ல் வந்த அந்தப் படத்தின் கடைசிப் பகுதி முழுவதும், தனியாக வீட்டில் இருக்கும் 8 வயதுச் சிறுவன் இரண்டு திருடர்களைப் பெயிண்ட் டப்பாவால் அடித்தும், பழுக்கக் காய்ச்சிய கதவுக் கைப்பிடியைத் தொடவைத்தும், மாடிப்படியில் வழுக்கி விழவைத்தும் விரட்டுவதுதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த நாள் உங்கள் வீட்டு மாடிப்படியில் எண்ணெய் இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு இந்தப் படத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடிதடி நகைச்சுவைக்கு மொழி வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், திருடர்கள் வருவதற்குச் சற்று முன் தேவாலயத்தில் நடக்கும் அந்த அமைதியான காட்சி. தெருப்பிள்ளைகள் எல்லாரும் கொலைகாரர் என்று சொல்லிப் பயப்படும் அண்டைவீட்டுக் கிழவர், பாடகர் குழுவின் ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவனின் பக்கத்தில் வந்து உட்காருகிறார். பாடிக்கொண்டிருப்பவர்களில் ஒரு சிறுமி அவருடைய பேத்தி. மகனோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனதால் அவளை இப்படித் தூரத்திலிருந்து பார்க்கத்தான் வந்திருக்கிறார். மகனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாருங்களேன் என்கிறான் சிறுவன். படத்தின் முடிவில் ஜன்னல் வழியே தெரிவது கிழவர் பேத்தியைத் தூக்கி அணைத்துக்கொள்ளும் காட்சி. இதை மாமியாருக்கு ஒரே வாக்கியத்தில் காதோடு சொல்லிவிட்டால் போதும், திருடர்கள் வரும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

மாமியாரின் சிக்கலைப் பலரும் வசனவரிகளைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 75 வயதில், எதிர்ச்சுவரில் இருக்கும் தொலைக்காட்சியில் ஓடும் சிறிய எழுத்தைப் படித்துக்கொண்டு படத்தையும் பார்ப்பது எளிதன்று. அந்த எழுத்து ஆங்கிலத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தமிழ் ஒலித்தடம் இருக்கும் படமாகப் பார்ப்பது ஒரு வழி. மொழிமாற்றம் செய்தால் படத்தின் சுவை கெட்டுவிடும் என்று உங்கள் மகள் சொல்லக்கூடும். அவள் சொல்வது உண்மைதான், ஆனாலும் அன்று ஒரு நாள் அவள் விட்டுக்கொடுக்கலாம். இதைவிட நல்ல வழி, பேச்சே தேவைப்படாத படங்களிலிருந்து தொடங்குவது.

அப்படிப்பட்டவற்றில் முதலில் சொல்ல வேண்டியது, மிஸ்டர் பீன் தொடரில் 1992 டிசம்பரில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் பகுதி. அரை மணி நேரத்துக்கும் குறைவானது. மிஸ்டர் பீனைத் தெரியாத தமிழ் வீடு இல்லை என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பிறப்புக் குடிலைப் பார்த்ததும் அவர் சும்மா இருக்கமாட்டாமல் பொம்மைகளை எடுத்து விளையாட ஆரம்பிக்கிறார். மாடுகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் நடுவே ராணுவ வீரர்களும் டைனோசரும் நுழைந்து, கடைசியில் ஹெலிகாப்டர் வந்து நிலைமையைக் காப்பாற்ற வேண்டியதாகிறது. பிறகு வான்கோழிக்குள் கைக்கடிகாரம் விழுந்து, அதைத் தேடப்போய்த் தலையே மாட்டிக்கொள்கிறது. மாமியார் மிகவும் பக்தியுள்ளவராக இருந்தால் குடில் காட்சியில் முகம் சுளிக்கலாம். என் அனுபவத்தில் பாட்டிமார்கள்தான் அந்த இடத்தில் அதிகம் சிரிக்கிறார்கள், ஏனென்றால் வீட்டுக் குடிலில் பேரன் காரைக் கொண்டுவந்து நிறுத்துவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

'தி ஸ்னோமேன்' என்ற 1982-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓவியப்படத்தில் தொடக்கத்தில் வரும் சிறு அறிமுகத்தையும் நடுவே வரும் ஒரு பாட்டையும் தவிர மனிதப் பேச்சே இல்லை. 26 நிமிடம். வண்ணப் பென்சிலால் தீட்டியதைப் போன்ற மென்மையான சித்திரங்கள் அசைகின்றன. ஒரு சிறுவன் செய்த பனி மனிதன் இரவில் உயிர்பெற்று அவனைக் கையைப் பிடித்து வானத்தில் அழைத்துப் போகிறது. ஆனால் விடிந்ததும் அது உருகிக் கிடக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, முடிவு வரும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுநீளப் படங்களிலும் சில, மொழி தெரியாதவரை நினைத்தே எடுத்தவைபோல் இருக்கும். 1947-ல் வந்த 'மிராக்கிள் ஆன் தர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில், நியூயார்க்கின் மேசிஸ் கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உட்கார்ந்திருக்கும் முதியவரிடம், போரில் பெற்றோரை இழந்து நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு சிறுமியை அழைத்து வருகிறார்கள். இவருக்கு உன் மொழி தெரியாது என்று வளர்ப்புத் தாய் எத்தனையோ முறை சொல்லியும் பிள்ளை கேட்கவில்லை. முதியவர் டச்சு மொழியில் பேசத் தொடங்கியதும் அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த உரையாடலுக்கு வசனவரி கிடையாது, தேவையும் இல்லை. 1994-ல் அதே கதையை வண்ணத்தில் மறுபடி எடுத்தபோது, அந்த இடத்தில் காது கேளாத ஒரு சிறுமியை வைத்து, தாத்தா அவளோடு சைகையில் பேசுவதாக மாற்றினார்கள். முதல் படத்தில் தாத்தாவாக நடித்த எட்மண்ட் க்வென் அதற்காக ஆஸ்கர் வாங்கியவர். நடிப்பில் அதற்கு ஈடு இல்லை. இருந்தாலும், கருப்பு வெள்ளை என்றாலே நகர்ந்துவிடும் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதைப் போடுவதில் தவறில்லை. இரண்டிலுமே அவர் உண்மையான கிறிஸ்துமஸ் தாத்தாதானா என்பது நீதிமன்றம் வரை போகிறது. நம்பிக்கையோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியைப் படமே எழுப்பிவிடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு முழுநீளப் படமாக நான் முதலில் சொல்வது 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'கிளாவுஸ்'. செர்ஜியோ பாப்லோஸ் என்ற ஸ்பானிய இயக்குநரின் படம். எல்லாரும் கணினியில் முப்பரிமாணப் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்த காலத்தில், கையால் வரைந்த சித்திரங்களின்மேல் ஒளியையும் நிழலையும் படரவிட்டு அந்தப் படத்தை எடுத்தார்கள். கதை எளியது. பணக்கார அஞ்சல்துறை அதிகாரி ஒருவரின் சோம்பேறி மகன் ஜெஸ்பர், ஓராண்டில் 6,000 கடிதங்களைக் கையாளாவிட்டால் சொத்தில்லை என்ற நிபந்தனையோடு, வடதுருவத்தை ஒட்டிய ஒரு தீவுக்கு அனுப்பப்படுகிறான். அந்த ஊரில் இரண்டு குடும்பங்கள் பரம்பரைப் பகையில் அடித்துக்கொண்டிருக்கின்றன. யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. காட்டில் தனியாக இருக்கும் மரத்தச்சர் ஒருவரிடம் பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைகளைக் கடிதம் எழுதவைத்தால் கணக்கு நிறைந்துவிடும் என்று ஜெஸ்பர் தன்னலத்தோடு திட்டம் போடுகிறான். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய நம்பிக்கைகள் ஒவ்வொன்றும், அவர் புகைபோக்கி வழியே இறங்குவது உட்பட, ஊர்ப்பிள்ளைகளின் வாய்ப்பேச்சில் எப்படிப் பிறக்கின்றன என்று காட்டுவதுதான் படத்தின் சாமர்த்தியம். நம்பும் பிள்ளைக்கு அது தாத்தாவின் வரலாறு. நம்பாத 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு கதை எப்படிப் பரவுகிறது என்பதன் கதை. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து வேறு வேறு படம் பார்த்துவிட்டு எழலாம்.

அதில் மார்கு என்ற ஒரு சிறுமி வருகிறாள். வட ஐரோப்பாவின் 'சாமி' என்ற பழங்குடியினரின் மொழியைப் பேசும் குழந்தை. அவள் பேசுவது ஜெஸ்பருக்கும் புரியாது, நமக்கும் புரியாது, எழுத்திலும் தரமாட்டார்கள். அந்தக் காட்சிகள் வரும்போது மாமியாரும் மற்றவர்களும் ஒரே நிலைதான். படத்தில் ஒருவரைப் பிரியும் சோகக் காட்சி உண்டு. ஆனால் பயமுறுத்தும் விதமாக இல்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட கஞ்சன் ஸ்க்ரூஜின் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது, ஏனெனில் தேடினால் அந்தக் கதையின் பத்து வடிவங்களாவது வந்து விழும். கருமியொருவனை ஒரே இரவில் ஆவிகள் வந்து திருத்துகின்றன என்று சொன்னால் மாமியாருக்குப் போதும். நம் ஊர்க் கதைகளில் பழகியவருக்கு மிச்சத்தை அவரே நிரப்பிக்கொள்வார். எந்த வடிவம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2009-ல் ஜிம் கேரி நடிப்பைக் கணினியில் பதிந்து எடுத்த வடிவம் குழந்தைப் படம்போலத் தோன்றும். ஆனால் இறந்துபோன கூட்டாளியின் ஆவிக்குத் தாடை கழன்று தொங்கும் காட்சியைப் பார்த்தால் பெரிய பிள்ளைகளே கண்ணை மூடிக்கொள்வார்கள். அதை விட்டுவிடுங்கள். 1992-ல் வந்த 'தி மப்பட் கிறிஸ்மஸ் கேரல்' உங்களுக்குச் சரியாக இருக்கும். சுற்றிலும் தவளையும் பன்றியும் எலியுமாகத் துணிப்பொம்மைகள் துள்ளிக்கொண்டிருக்க, நடுவில் மைக்கேல் கெய்ன் ஒருவர் மட்டும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நிற்பவர்போல ஒரு சிரிப்பும் இல்லாமல் ஸ்க்ரூஜாக நடிக்கிறார். படம் நிற்பது அந்தக் கண்டிப்பினால்தான். மூன்றாவது ஆவி வருவதற்கு முன்னால், கதை சொல்லிக்கொண்டிருக்கும் பொம்மைகளே தங்களுக்குப் பயமாக இருக்கிறதென்று நழுவிவிடுகின்றன. குழந்தைக்கு அது ஓர் எச்சரிக்கையும் ஆகிறது, பயப்படுவதில் வெட்கமில்லை என்ற ஆறுதலும் ஆகிறது.

இயேசு பிறப்பையே கதையாகக் கொண்ட படம் வேண்டும் என்று மாமியார் கேட்கலாம். அதிகாலை ஆராதனை முடித்து வந்தவருக்கு அது நியாயமான ஆசை. 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' 2006-ல் வத்திக்கானில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு வெளிவந்தது. மரியாளும் யோசேப்பும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குக் கழுதையோடு நடக்கும் பயணத்தை, வறுமையும் தூசியுமாக நம்பும்படி எடுத்திருக்கிறார்கள். ஆனால் படம் தொடங்குவதே ஏரோதின் வீரர்கள் குழந்தைகளைக் கொல்லும் காட்சியில். முதல் சில நிமிடங்களை ஓட்டிவிட்டுத் தொடங்குவதால் கதைக்கு ஒரு குறையும் வராது. தெலுங்கில் 1978-ல் வந்த 'கருணாமயுடு' தமிழில் 'கருணாமூர்த்தி'யாக மொழிமாற்றம் செய்யப்பட்டது. கிராமங்களில் திரைகட்டி அதைப் பார்த்த தலைமுறைக்கு அதன்மேல் தனி அன்பு உண்டு. ஆனால் அது பிறப்பில் தொடங்கிச் சிலுவைப்பாடு வரை போகும் படம் என்பதால் பெரிய வெள்ளிக்கு வைத்துக்கொள்வதே பொருத்தம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 25 நிமிடச் சித்திரப்படமான 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்'. கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று சார்லி பிரவுன் கத்த, எப்போதும் ஒரு போர்வையை இறுகப் பிடித்தபடி திரியும் லைனஸ் என்ற சிறுவன் மேடைக்கு நடுவில் போய் நின்று லூக்கா 2-ஆம் அதிகாரத்திலிருந்து மேய்ப்பர்களின் பகுதியை ஒப்பிக்கிறான். 'பயப்படாதிருங்கள்' என்று தேவதூதன் சொல்லும் இடத்தில் அவன் கையிலிருந்து போர்வை நழுவிக் கீழே விழுகிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, இசையும் இல்லை. அதே வசனத்தைக் காலையில் கோயிலில் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு எந்த மொழியில் இருந்தாலும் அந்த இடம் தெரிந்துவிடும்.

மகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. நீங்கள் இரண்டு மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். தான் தேர்ந்தெடுத்த படத்தின் நடுவில் கைப்பேசியை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் முழுப் பட்டியலையும் அவளிடமோ கொழுந்தனாரிடமோ ஒப்படைத்துவிடாதீர்கள். 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் இரவில் நடக்கிறது என்பதற்காக அதையும் கிறிஸ்துமஸ் படம் என்று வாதாடும் ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் இருப்பார். 1988 ஜூலையில் வெளியான அந்தத் துப்பாக்கிச் சண்டைப் படத்தை அவர் இரவில் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். 'லவ் ஆக்சுவலி' பட்டியல்களில் தவறாமல் இருக்கும். அதன் கிளைக்கதைகளில் ஒன்று ஆடையின்றி நடிக்கும் இரண்டு மாற்று நடிகர்களைப் பற்றியது என்பதை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தபின் கண்டுபிடிக்க வேண்டாம். விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்து 2024 பொங்கலையொட்டி வந்த 'மெரி கிறிஸ்மஸ்' தமிழிலும் எடுக்கப்பட்டது, பெயரும் பொருத்தமாக இருக்கிறது, ராதிகாவும் இருக்கிறார் என்று ஆவலோடு போடத் தோன்றும். அது கிறிஸ்துமஸ் இரவில் பிணத்தைச் சுற்றி நடக்கும் மர்மக் கதை. நல்ல படம்தான், பிள்ளைகள் தூங்கிய பிறகு.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாலையில் எழுந்து, கோயிலுக்குப் போய், பலகாரத் தட்டுகளைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பி, மதியச் சாப்பாடும் முடிந்தபின் இரண்டு மணிக்கு ஒரு முழுநீளப் படத்தைத் தொடங்கினால், எந்தப் படமானாலும் பெரியவர்கள் குறட்டை விடுவார்கள். சாப்பிட்டவுடன் மிஸ்டர் பீனைப் போடுங்கள். அது முடிந்ததும் தூங்க நினைப்பவர்கள் தூங்கட்டும். ஐந்து மணிக்குக் காப்பியும் கேக்கும் வரும்போது 'கிளாவுஸ்' படத்தைத் தொடங்கினால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் பட்டாசுக்கு வெளியே போகலாம். நீங்கள் போடப்போகும் படம் உங்களிடம் இருக்கும் தளத்தில் இருக்கிறதா, எந்தெந்த ஒலித்தடம் இருக்கிறது என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். டிசம்பரில் படங்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வழக்கம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு ரிமோட்டை வைத்துத் தேடுவதைப்போல ஒரு கூட்டத்தைக் கலைக்கக்கூடியது வேறொன்றில்லை. தரவிறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

கொழுந்தனார் குடும்பம் 26-ஆம் தேதியும் தங்குவதாக இருந்தால், அன்று 'ஆர்தர் கிறிஸ்மஸ்' பாருங்கள். 2011-ல் வந்தது. தாத்தா பதவியிலிருந்து ஓய்வுபெற்றுப் பழம்பெருமை பேசும் கிழவர், நாற்காலியை விடமாட்டேன் என்னும் தந்தை, எல்லாவற்றையும் கணினிமயமாக்கிய மூத்த மகன், விடுபட்டுப்போன ஒரே ஒரு குழந்தைக்குச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துடிக்கும் இளையவன் என்று கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீட்டுக்குள்ளேயே மூன்று தலைமுறைச் சண்டை நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் பலகை விளையாட்டு விளையாடப்போய் எல்லாரும் கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் காட்சியில், உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆங்கிலப் பேச்சு வேகமாக இருக்கும். மாமியாருக்கு அருகில் மகளை உட்காரவைத்து, அவ்வப்போது எடுத்துச் சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.